பள்ளியை முடிக்கும் முன்பே கல்லூரிக்குப் போகலாமா? அமெரிக்காவின் 'ஏர்லி காலேஜ்'

அமெரிக்காவில் 12-ஆம் வகுப்பை முடிக்கும் முன்பே கல்லூரிப் பாடங்களைத் தொடங்குவதுதான் ஏர்லி காலேஜ். 1964-இல் நிறுவப்பட்ட சைமன்ஸ் ராக் கல்லூரியில் 10 அல்லது 11-ஆம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு முழுநேரக் கல்லூரி மாணவராகிவிடலாம். 2001-இல் நியூயார்க்கில் தொடங்கிய பார்ட் ஹைஸ்கூல் ஏர்லி காலேஜ் வேறு மாதிரி. அங்கே 4 ஆண்டுகளில் பள்ளிச் சான்றிதழும் அசோசியேட் எனப்படும் 2 ஆண்டுக் கல்லூரிப் பட்டமும் சேர்ந்தே கிடைக்கும்.

சில பிள்ளைகளுக்குப் பள்ளியின் கடைசி வருடங்கள் ரொம்ப மெதுவாகப் போகும். ஆர்வம் வடிந்துபோகும் முன் கனமான பாடம் கொடுப்பதே இதன் நோக்கம்.

முடிவெடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது கிரெடிட்டைத்தான், அதாவது கல்லூரிப் பாடங்களை முடித்தால் பட்டத்துக்கான கணக்கில் சேரும் புள்ளிகளை. பாசஞ்சர் ரயிலிலிருந்து வழியில் இறங்கி எக்ஸ்பிரஸ் பிடிப்பவர், அது தன் ஊரில் நிற்குமா என்று பார்க்க வேண்டாமா? அதுபோலத்தான் இதுவும். பெற்ற கிரெடிட்டில் எவ்வளவு செல்லும் என்பதைப் பின்னால் சேரப்போகும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். அங்கே முதலாண்டு மாணவராகச் சேர்ப்பார்களா, இடையில் மாறி வருபவராகவா என்பதையும் கேளுங்கள். உதவித்தொகை அதைப் பொறுத்து மாறலாம். அப்புறம், பள்ளிச் சான்றிதழ் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

16 வயதில் விடுதியில் தனியாக இருக்கப் பிள்ளைக்கே விருப்பம் இருக்க வேண்டும். பெற்றோரின் அவசரம் போதாது.

இது மேதைகளுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பார்ட் ஹைஸ்கூல் ஏர்லி காலேஜ், கட்டணமே இல்லாத அரசுப் பள்ளி.