வெளிநாட்டு வாடிக்கையாளர் கிரிப்டோவில் பணம் தருகிறேன் என்கிறார். முதலில் எந்தச் சொற்களுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும்?

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. சரி என்று சொல்லப் பயம். வேண்டாம் என்று விடவும் மனம் வரவில்லை. என் தம்பியும் ஒரு காலத்தில் இப்படித்தான் தவித்தான். நான் கணினி படித்தவள் அல்ல. போச்சம்பள்ளி பக்கத்தில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்கு மாந்தோப்பு உண்டு. இதை யாரும் முதலீட்டு ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று எதுவும் சொல்லப்போவதில்லை.

தம்பி வீட்டிலிருந்தபடியே இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுப்பவன். ஏழு மாதச் சம்பளம் யுஎஸ்டிடி என்ற, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமாக அவனுடைய கைபேசி வாலட்டில் இருந்தது. ஒரு நாள் சொட்டுநீர்த் தொட்டியின் வால்வைத் திருப்பக் குனிந்தபோது கைபேசி தண்ணீருக்குள் போய்விட்டது. எடுத்தோம், அரிசியில் புதைத்தோம், கடையில் கொடுத்தோம், உயிர் வரவில்லை. “அக்கா, எல்லாம் போய்விட்டது” என்று திண்ணையில் உட்கார்ந்தவன் அன்று சோறு தொடவில்லை.

எதுவும் போகவில்லை. ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. வாலட் என்ற பெயரே ஆளை ஏமாற்றும். அதற்குள் பணம் இல்லை, சாவிதான் இருக்கிறது. எந்த முகவரியில் எவ்வளவு என்ற பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. பிளாக்செயின் என்பது அந்தப் பேரேடுதான். நிலப் பத்திரம் எரிந்துபோனாலும் பதிவு அலுவலகத்தில் நிலம் உங்கள் பெயரில் இருப்பதைப் போல. ஒரே வேறுபாடு, நகல் கேட்டு மனுப்போட இங்கே சார்பதிவாளர் கிடையாது. சாவியைத் திரும்ப உருவாக்கித் தருபவை சீட் பிரேஸ் எனப்படும் மீட்புச் சொற்கள் மட்டுமே. பெரும்பாலும் பன்னிரண்டு, சிலவற்றில் இருபத்து நான்கு.

தம்பி அவற்றை ஒரு மண்டிச் சீட்டின் பின்புறம் எழுதி அம்மாவிடம் கொடுத்திருந்தான். அம்மா அதைச் சீட்டு நோட்டுடன் அலமாரியில் வைத்திருந்தார். மேல் தட்டில் ஊறுகாய் ஜாடி. நான் சீட்டை எடுத்தபோது எண்ணெய் இறங்கிக் காகிதம் கண்ணாடி போல ஆகியிருந்தது. ஏழாவது வரியில் பேனா மை ஊதா நிறத்தில் பரவிக் கிடந்தது. முதல் எழுத்து எஸ். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. மற்ற பதினொன்றும் சுத்தமாக இருந்தன.

மீட்டுத் தருவதாக ஒருவர் தொலைபேசியில் கிடைத்தார். பாதி தொகை கூலி, சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். தம்பி அனுப்பவே போய்விட்டான். நான் தடுத்தேன். பதினொரு சொற்களைக் கொண்டு அழிந்துபோன ஒன்றை அவரால் கண்டுபிடிக்க முடியுமென்றால், கண்டுபிடித்த நொடியில் பணம் அவருடையது. நம்மிடம் எதற்குத் திரும்பி வரப்போகிறார்? “கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு” என்று மாமா முறையுள்ள ஒருவர் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் வலிக்கிறது.

கணக்கு எழுதுகிறவளுக்குத்தான் அது புரிந்தது. இந்தச் சொற்கள் எங்கிருந்தோ வருபவை அல்ல, 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலில் இருந்து வருபவை. யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், மேங்கோ கூட அதில் இருக்கிறது. எஸ் எழுத்தில் இருநூறு சொற்களுக்கு மேல். மேலும் பன்னிரண்டாவது சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு உண்டு. கண்டபடி சேர்த்தால் பதினாறில் ஒன்றுதான் தேறும், மற்றவற்றைச் செயலியே மறுத்துவிடும். கோடு போட்ட கணக்கு நோட்டில் எஸ் சொற்களை எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே வந்தோம். அவ்வப்போது ஒரு வாலட் திறக்கும். இருப்பு பூஜ்யம். முதல் தடவை அப்படித் திறந்தபோது தம்பி அழுதுவிட்டான். அது வேறு யாருடையதும் இல்லை, கணிதப்படி சரியான, ஆனால் யாரும் பயன்படுத்தாத சாவி என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. இரண்டாம் இரவு, பத்தாவதோ பதினோராவதோ காலி வாலட்டுக்குப் பிறகு, அவனுடைய தொகை பைசா குறையாமல் திரையில் வந்தது.

‘அதற்கு நிரல் இருக்கிறது, ஒரு நிமிட வேலை’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். எவரோ எழுதிய நிரலில் தம்பியின் ஏழு மாத உழைப்பைத் தட்டச்சு செய்ய எனக்குத் துணிவு இல்லை.

அதோடும் முடியவில்லை. பழைய சொற்கள் பலர் கண்ணில் பட்டுவிட்டதால் புது வாலட்டுக்கு மாற்ற நினைத்தோம், நகரவில்லை. அவனுடைய யுஎஸ்டிடி டிரான் நெட்வொர்க்கில், அதாவது டிரான் என்ற தனிப் பேரேட்டில் இருந்தது. அங்கே அனுப்பும் கட்டணத்தை டிஆர்எக்ஸ் நாணயத்தில் கட்ட வேண்டும், அவனிடம் அது ஒன்றுகூட இல்லை. தோப்பில் காய் குவிந்து கிடக்க, வண்டி வாடகைக்குக் காசில்லாத நிலை. பர்கூரில் இருக்கும் அவன் நண்பன் கொஞ்சம் அனுப்பிய பிறகே நகர்ந்தது.

ஆகவே நெட்வொர்க் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே யுஎஸ்டிடி டிரானிலும் உண்டு, எத்தீரியம் என்ற இன்னொரு பேரேட்டிலும் உண்டு. டிரான் முகவரி டி எழுத்தில் தொடங்கும், எத்தீரிய முகவரி பூஜ்யமும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும். மாறி அனுப்பினால் மீட்பது பெரும்பாடு, பல சமயம் முடியாது. வங்கி மேலாளர் போலத் திருப்பித் தர யாரும் இல்லை. ஸ்டேபிள்காயின் என்றால் ஒரு டாலர் மதிப்பில் நிற்பதாக வாக்களிக்கும் நாணயம், அவ்வளவுதான். டெர்ரா யுஎஸ்டி என்ற நாணயமும் அப்படி வாக்களித்து 2022 மே மாதம் சரிந்தது. எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில் வைத்தால் சாவி அவர்களிடம். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனபோது தவித்தவர்கள் சாவி இல்லாத வாடிக்கையாளர்கள்தான்.

உறுதிப்பாடு (கன்ஃபர்மேஷன்) என்ற சொல் எனக்குப் பிடிக்கும், அனுப்பிய பணம் பேரேட்டில் பதிந்து உறுதியாவது அது. பிட்காயினில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், பேரேட்டின் ஒரு பக்கம் போல, சேரும், ஆறு சேர்ந்துவிட்டால் பணம் வந்ததாகவே கொள்வது வழக்கம். ஒரு மணி நேரம். எங்கள் பெங்களூரா மாங்காயைக் கூழ் தொழிற்சாலையில் இறக்கினால், கழிவு என்று எடையில் பிடித்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். பணம் அடுத்த பருவம் பூ வைக்கும்போதும் தவணையாக வந்துகொண்டிருக்கும். உரக்கடைக்காரர் அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிக்கொள்வாரா? கேட்டால் ஏற்றுமதி மந்தம் என்பார்கள். கேட்கப்படாத விஷயம் என்று தெரிந்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

வரியையும் மறக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் கைமாறும்போது 1 சதவீதம் பிடித்தம். நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. சம்பளமாக வந்த அன்றைய ரூபாய் மதிப்பைத் தேதியுடன் குறித்து வையுங்கள்.

வாடிக்கையாளரிடம் எந்த நெட்வொர்க் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை பத்து டாலர் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து, அதை நீங்கள் ரூபாயாக்கி வங்கிக் கணக்கில் பார்த்த பிறகு மீதியைக் கேளுங்கள். சொற்களை எழுதும் காகிதத்தை ஊறுகாய் ஜாடிக்குக் கீழே வைக்காதீர்கள்.