ஜூலை 26-உம் ஒரு சிப்பாயும்

அன்புள்ள அண்ணா,

நான் ராணுவத்தில் சிப்பாய். இப்போது லடாக்கில் இருக்கிறேன். கார்கில் போர் நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனால் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 வந்தால் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து குவிகிறது. சித்தப்பா என் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து ‘கார்கில் வீரன்’ என்று போட்டுவிட்டார். கூச்சமாக இருக்கிறது. யாரோ உயிரைக் கொடுத்து ஜெயித்த போருக்கு நான் எப்படி வாழ்த்து வாங்குவது? என்னைப் போன்றவனுக்கு இந்த நாள் என்ன?

க., லடாக்

அன்புள்ள தம்பி,

உங்கள் கூச்சத்தை மதிக்கிறேன். ஆனால் ‘யாரோ ஜெயித்த போர்’ என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1999-க்கு முன்பு கார்கில் பக்கத்து மலைகளில் பல காவல் போஸ்ட்டுகளைக் குளிர்காலத்தில் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கி, பனி உருகியதும் திரும்ப ஏறுவது வழக்கம். எதிர்த்தரப்பும் அப்படித்தான் செய்தது. அந்த இடைவெளியில்தான் பாகிஸ்தான் படையினர் மேலே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்ரீநகர்–லே சாலை அவர்கள் காலடியில் கிடந்தது. உச்சியில் இருப்பவனைக் கீழேயிருந்து ஏறிப் போய் விரட்ட வேண்டிய நிலை. அதற்கு நாம் கொடுத்த விலை 527 உயிர். போர் முடிந்த கையோடு, 1999 செப்டம்பரில், லேயில் 14-வது கோர் என்ற பெரிய படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. இப்போது அந்த உயரங்களில் ஜனவரியிலும் ஆள் நிற்கிறார்கள். குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் குளிரில் உங்கள் தோழர்கள் அங்கே சென்ட்ரி நிற்பதற்குக் காரணமே அந்த ஜூலைதான். எங்களுக்கு அது ஆண்டுக்கு ஒருநாள் நினைவு, உங்களுக்குத் தினசரி டியூட்டி.

மேஜர் சரவணனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். 1999 மே 29 அதிகாலை, படாலிக் பகுதியில் ஜூபர் மலைமேல் ஏறினார். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழி (பங்கர்) ஒன்றை அடித்தார். குண்டுச் சிதறல் பட்டும் பின்வாங்காமல் முன்னேறியவர், தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 26. எதிரியின் துப்பாக்கிக்கு எதிரே கிடந்த உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவருக்குப் போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். நான் அதிகம் நினைப்பது அந்த ஒரு மாதத்தைத்தான். கூட ஏறியவர்கள் தங்கள் அதிகாரி மேலே கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டே கீழே சாப்பிட்டிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள், மறுபடி ஏறத் தயாராகியிருப்பார்கள். தொலைக்காட்சியில் காட்டும் வெற்றி விழாவில் இதற்கு இடமில்லை. ஒரு சிப்பாய்க்கு இது சொல்லாமலே புரியும். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனை விட்டுவிட்டு இறங்க முடியாது என்பது உங்களுக்கு இப்போதே தெரியுமே.

திராஸில், தோலோலிங் மலையடிவாரத்தில் இருக்கும் நினைவிடத்துக்குப் போக வாய்ப்பு கிடைத்தால், சுவரில் பொறித்திருக்கும் பெயர்களை நின்று படியுங்கள். அப்புறம் உங்கள் யூனிட்டின் பழைய சுபேதார் யாரிடமாவது, 99-இல் நம் பட்டாலியன் எங்கே இருந்தது, யாரை இழந்தது என்று கேளுங்கள். தேசம் கொண்டாடும் நாளைவிட, பட்டாலியன் தன் சொந்தப் போரை நினைக்கும் நாள்தான் சிப்பாய்க்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். அங்கே இறந்தவர் எந்த ஊர், எந்த கம்பெனி என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்குப் பெருமை பாதி, பயம் பாதி. ‘கார்கில் வீரன்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு, மேஜர் சரவணனின் படத்தையும் பெயரையும் போடச் சொல்லுங்கள். இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் டிசம்பர் 7, கொடிநாள் நிதிக்குக் கொடுக்கட்டும். இறந்துபோன வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அது உதவுகிறது. திருச்சியில் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. அடுத்த லீவில் முடிந்தால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருநடை போய் வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்