பேர் எழுதும் நோட்டு

அன்புள்ள அக்கா,

தென்மாவட்டம் ஒன்றில் கன்னியர் நடத்தும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சேர்ந்து இரண்டாவது வருடம். இந்த ஆண்டு மாணவியர் மன்றப் பொறுப்பை எச்.எம். சிஸ்டர் என்னிடம் கொடுத்துவிட்டார். பள்ளி மாணவியர் தலைவியான எஸ்.பி.எல்.லைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பதா, ஆசிரியர்கள் கூடி நியமிப்பதா என்று ஸ்டாஃப் ரூமில் இரண்டு கட்சி. தேர்தல் என்றால் வாயாடிப் பிள்ளைகள் ஜெயித்துவிடுவார்கள் என்கிறார்கள் சீனியர்கள். அதிக ஓட்டு வாங்கக்கூடிய பிள்ளை இந்து சமயத்தவள். அவள் வந்தால் காலை ஜெபத்தை யார் நடத்துவது என்றும் பேச்சு. இன்னொன்று: போன வருடத் தலைவிகளை யாருக்குமே பிடிக்கவில்லை. நன்றாகத்தான் வேலை செய்தார்கள், தினமும் பேர் எழுதிக் கொடுத்தார்கள், டிசிப்ளின் நன்றாக இருந்தது. ஆனாலும் ஃபேர்வெல் அன்று அவர்கள் மேடையேறியபோது கைதட்டலே இல்லை. தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் ஒன்று வைத்தால் சரியாகுமா? யாரை அழைக்கலாம்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தில் நிறையக் கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, கேள்வியே இல்லாமல், பாராட்டு மாதிரி ஒரு வரி: "தினமும் பேர் எழுதிக் கொடுத்தார்கள்." வகுப்பில் பேசுகிறவர்களின் பேரைத் தலைவிகள் எழுதி டீச்சரிடம் கொடுக்கிற நோட்டு. கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான். வகையாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். இந்துப் பிள்ளை எஸ்.பி.எல். ஆகலாமா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? நம் கான்வென்ட்களில் பல வகுப்புகளில் பாதிக்கு மேல் பிற சமயப் பிள்ளைகள்தான். ஜெபத்தை ஒரு கத்தோலிக்க மாணவியோ சிஸ்டரோ சொல்லட்டும். அட்டென்ஷன் சொல்வதும் கொடி ஏற்றும்போது முன்னால் நிற்பதும் எஸ்.பி.எல். வேலை. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, மைனர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28(3) சொல்கிறது. கத்தோலிக்க ஆயர் பேரவையே 2024இல் தன் பள்ளிகளுக்குத் தந்த வழிகாட்டுதலில், பிற சமயப் பிள்ளைகள் மேல் நம் மரபுகளைத் திணிக்க வேண்டாம், அசெம்பிளியில் தினமும் அரசியலமைப்பின் முகவுரையை வாசியுங்கள் என்றது. உங்கள் சீனியர்களிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள், எச்.எம். சிஸ்டர் மேஜையில் வைத்துவிடுங்கள், போதும்.

தேர்தலா நியமனமா? எதுவானாலும் சரி. தேர்தல் வைத்துவிட்டு நியமிக்காதீர்கள். ஓட்டுப் பெட்டியை ஆபீஸ் ரூமுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் கழித்து வேறு பேரோடு வெளியே வந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? எந்த செக்‌ஷன் யாருக்குப் போட்டது என்று மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குள் பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆசிரியர்களுக்கு யாராவது வேண்டாம் என்றால் அதை மனு வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும், காரணத்தோடு. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எல்.லுக்குப் பிளஸ் டூ, துணைத் தலைவியான ஏ.எஸ்.பி.எல்.லுக்குப் பிளஸ் ஒன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஓட்டு. பள்ளி முத்திரை குத்திய சீட்டு, வகுப்பு வகுப்பாக லேபுக்கு வந்து போடட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் தோழி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தோழி எண்ணும் இடத்தில் நிற்கட்டும். சீட்டைச் சத்தமாக வாசித்து, எண்ணிக்கையைப் போர்டில் எழுதுங்கள். அரை நாள் வேலை.

"வாயாடிப் பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் உங்கள் சீனியர்கள் என்னிடம் திட்டு வாங்க வேண்டும். பெண் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்று கட்டிய பள்ளிக்கூடத்தில் பேசுகிறவளுக்கு அது பேரா?

இப்போது அந்த நோட்டு.

ஃப்ரீ பீரியடில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் ஜன்னல் ஓரமாக நின்று பாருங்கள். டீச்சர் லீவு. கிளாஸ் லீடர் கையில் சாக்பீஸோடு போர்டுக்கு முன்னால் நிற்கிறாள். வாய் அசைந்தால் பேர். மறுபடி அசைந்தால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் பீரியட் முடிவில் வெளியே முட்டி போட வேண்டும். முதல் பத்து நிமிடம் நியாயமாகத்தான் போகும். அப்புறம் லீடரின் தோழி ஒருத்தி பேசுவாள். அவள் பேர் எழுதப்பட்டு, கண்ணால் கெஞ்சி, அழிக்கப்படும். சாக்பீஸ் அழித்த இடத்தில் எழுத்தின் தடம் மங்கலாகத் தெரியும். வகுப்பு முழுக்க அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த லீடரின் அதிகாரம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. மீதி வருடம் பயம் மட்டும்தான்.

இன்னொரு கூத்து. லீடர் கெட்டிக்காரியாக இருந்து, வகுப்பை ஒரு கதை சொல்லியோ ஒரு கணக்குப் போட வைத்தோ உட்கார வைத்துவிட்டாள் என்று வையுங்கள். போர்டு காலி. அடுத்து வரும் டீச்சர் என்ன கேட்கிறார்? "என்ன, ஒருத்தர்கூடப் பேசலையா? நீ சரியாப் பார்த்தியா?" பேர் இல்லாத போர்டு நம் கண்ணுக்கு வேலை செய்யாத லீடர். அவளுக்குப் புரிந்துவிடுகிறது, டீச்சருக்கு வேண்டியது அமைதி இல்லை, ஆள். மறுநாள் யாராவது ரெண்டு பேரைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். பெரும்பாலும் யார் அந்த ரெண்டு பேர்? ஏற்கெனவே கெட்ட பேர் எடுத்தவள் ஒருத்தி, எதிர்த்துப் பேசத் தெரியாதவள் ஒருத்தி.

இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன்களில் இதன் அண்ணன் ஒரு நோட்டு உண்டு, தமிழில் பேசியவர்களின் பட்டியல், தலைக்கு இவ்வளவு ஃபைன் என்று. ஒரு பிள்ளை வீட்டில் அம்மாவோடு பேசுகிற மொழியைக் குற்றமாக எழுதி வைக்க இன்னொரு பிள்ளையை அமர்த்துகிறோம். அந்த வேலைக்குப் பெயர் லீடர்ஷிப். அந்தப் பாவத்துக்கு எந்தப் பாதர் மன்னிப்புக் கொடுப்பார் என்று தெரியவில்லை.

உங்கள் போன வருடத் தலைவிகளுக்குக் கைதட்டல் விழாததில் என்ன அதிசயம்? தட்ட வேண்டிய கைகளின் பேரையெல்லாம் அவர்கள்தானே எழுதிக் கொடுத்தார்கள்! அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம் அவர்கள். நாம் செய்ய வேண்டிய கண்காணிப்பைப் பதினாறு வயதுப் பிள்ளை தலையில் கட்டி, அதற்கு ஒரு சாஷும் பேட்ஜும் குத்திவிட்டோம். பகையை அவள் சம்பாதித்தாள், நிம்மதியை நாம் எடுத்துக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால் இதற்கு மாற்று உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கலாம். மரியாயின் சேனை உங்கள் பள்ளியிலோ பங்குக் கோயிலிலோ இருந்தால் அவர்களின் வாராந்திரக் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். 1921 செப்டம்பர் 7ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு. நூறு வருடம் தாண்டியும் கூட்டத்தின் முறை ஏறக்குறைய மாறவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை, மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, இரண்டு பூச்சாடி. ஜெபமாலை. செயலர் போன வாரத்து மினிட்ஸை வாசிப்பார், தலைவர் கையெழுத்துப் போடுவார். அப்புறம் ஒவ்வொருவராகப் பணி அறிக்கை: போன வாரம் எனக்குக் கொடுத்த வேலை இது, நானும் இன்னாரும் போனோம், இவ்வளவு முடிந்தது, இது முடியவில்லை. பெரியவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேர வேலை. இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். காணிக்கைக்கு ஒரு ரகசியப் பை சுற்றிவரும். போடுகிறவரும் போடாதவரும் உள்ளே கைவிட்டு எடுக்க வேண்டும், யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

கவனித்தீர்களா? அங்கேயும் ஒரு நோட்டு இருக்கிறது, அங்கேயும் வாரா வாரம் அறிக்கை. ஆனால் யாரும் அடுத்தவளைப் பற்றி அறிக்கை கொடுப்பதில்லை. நான் செய்தது, நான் செய்யாதது. அவ்வளவுதான். ஜெபமாலையை எடுத்துவிட்டு அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எந்த மதத்துப் பிள்ளைகளையும் வைத்து ஒரு மன்றம் நடத்தலாம். பழைய சிஸ்டர்களுக்கு இது தெரியாததல்ல. சேனைக் கூட்டத்தில் ஒரு நோட்டும் வகுப்பறையில் இன்னொரு நோட்டும் எப்படி ஒரே பள்ளியில் இத்தனை காலம் குடித்தனம் நடத்தின என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் என்ன வேலையைப் பிரித்துக் கொடுப்பது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கத்தோலிக்கப் பாட்டன் சொத்து இருக்கிறது. ஜோசப் கார்டைன் என்ற பெல்ஜியப் பாதிரியார் 1925இல் இளம் தொழிலாளர் இயக்கத்தை நிறுவியபோது வைத்த மூன்று படி: பார், சீர்தூக்கு, செயல்படு. பாப்பரசர் இருபத்து மூன்றாம் யோவான் 1961இல் எழுதிய சுற்றுமடலில் இந்த மூன்றையும் பேர் சொல்லியே பரிந்துரைத்தார். கான்வென்ட்களில் நடக்கும் ஒய்.சி.எஸ். என்ற இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்துக்கும், பிற சமயப் பிள்ளைகளுக்கான ஒய்.எஸ்.எம். பிரிவுக்கும் இதுதான் அரிச்சுவடி. நடைமுறையில் அது சார்ட் பேப்பரில் மூன்று வண்ணத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

ஒட்ட வேண்டாம், செய்யுங்கள். கழிப்பறையில் ஆரம்பியுங்கள், முகம் சுளிக்காதீர்கள். இன்டர்வெல் 10 நிமிடம். கதவு 8 என்றால் இரண்டில் தாழ்ப்பாள் இருக்காது, மிச்சம் 6. ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் 10 நிமிடத்தில் 40 பேர் போய் வரலாம். அந்த மாடியில் 400 பிள்ளைகள். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதில்லை. வாட்டர் பாட்டில் சாயந்திரம் நிறைந்தபடியே வீட்டுக்குப் போகிறது. இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். தலைவிகள் இரண்டிரண்டு பேராக மூன்று நாள் நின்று எண்ணட்டும்: எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், மணி அடித்தபோது எத்தனை பேர் போகாமலே திரும்பினார்கள், எத்தனை பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. யார் பேரும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.

அடுத்து சீர்தூக்குவது. கதவு போதவில்லையா, தண்ணீர் இல்லையா, எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் மணி அடிப்பதுதான் தப்பா? பெரும்பாலும் மூன்றாவதுதான் என்று கண்டுபிடிப்பார்கள். செயல், ஆறு முதல் எட்டு வரைக்கும் ஒரு மணி, ஒன்பதுக்கு மேல் 10 நிமிடம் கழித்து இன்னொரு மணி என்று எச்.எம். சிஸ்டரிடம் கணக்கோடு போய்க் கேட்பது. முதல் மணிக்கு முன்னால் பக்கெட் நிரப்ப ஆயாம்மாவிடம் சொல்லி வைப்பது. இரண்டு தாழ்ப்பாள் வாங்குவது. இதில் எங்கே தடுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன்: டைம்டேபிள் போடும் டீச்சரிடம். ஜூன் மாதத்துக்குள் போனால் மாற்றுவார், ஜூலையில் போனால் சாமி வந்தாலும் மாற்றமாட்டார்.

அதோடு சானிட்டரி நாப்கின். பல பள்ளிகளில் அது ஸ்டாஃப் ரூம் பீரோவில் இருக்கும், சாவி ஒரு டீச்சரின் ஹேண்ட்பேக்கில் இருக்கும், அந்த டீச்சர் அந்த நேரத்தில் வேறு வகுப்பில் இருப்பார். பிள்ளை மூன்று பேரிடம் சொல்லி நான்காவது ஆளிடம் வாங்க வேண்டும். வகுப்புக்கு ஒரு பிஸ்கட் டின், அதில் ஆறு, பூட்டு வேண்டாம். வெள்ளிக்கிழமை கிளாஸ் லீடர் எண்ணிக் குறைந்ததை நிரப்பட்டும். யார் எடுத்தார்கள் என்று எழுத வேண்டாம். ரகசியப் பையின் தத்துவம்தான்.

இப்படி ஒரு பருவம் போனால், பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளியிலிருந்து வந்து ஆகஸ்டு வரைக்கும் தனியாக டப்பா திறக்கிற பிள்ளையையும், சனி ஞாயிறு யாரும் பார்க்க வராத போர்டிங் பிள்ளையையும் அவர்களே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.

முகாமா? யாரையும் அழைக்க வேண்டாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு "உங்களுக்குள் ஒரு சிங்கம் உறங்குகிறது" என்று கத்துகிறவருக்குக் கொடுக்கும் பணத்தில் எட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடலாம்.

பதவியேற்பு விழா பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. மெழுகுவர்த்தி ஏந்த வைப்பீர்கள், வையுங்கள், அழகாக இருக்கும். 1842இல் மதராஸுக்கு வந்த பிரசன்டேஷன் கன்னியரின் சபையைத் தொடங்கிய நானோ நேகிளைக் கையில் விளக்கோடுதான் வரைவார்கள். அயர்லாந்தின் கார்க் நகரத்துச் சந்துகளில் இராத்திரி ஏழைகளைத் தேடிப் போக வைத்திருந்த விளக்கு அது. அந்தக் கதையைத் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியைக் கொடுங்கள். உறுதிமொழியும் தமிழில் இருக்கட்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தான் எதற்குச் சாட்சி என்று புரிய வேண்டும்.

பொறுப்பை ஒப்படைப்பதை ஃபேர்வெல் வரை இழுக்காதீர்கள். பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு; பிளஸ் டூ பிள்ளை ஜனவரியிலேயே பள்ளியில் பாதி ஆளாகிவிடுவாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் நான்கு வாரம் பழையவளும் புதியவளும் சேர்ந்து கூட்டம் நடத்தட்டும். மினிட்ஸ் நோட்டு கைமாற வேண்டும். அது இல்லாமல்தான் ஒவ்வொரு ஜூனிலும் பக்கெட் கணக்கை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேனோ? உங்கள் மேல் இல்லை. கைதட்டல் விழவில்லை என்பதைக் கவனித்து, அது உறுத்தி, எழுதியும் கேட்ட ஆள் நீங்கள் ஒருத்திதான். அந்த ஸ்டாஃப் ரூமில் மற்றவர்களுக்கு அது காதிலேயே விழுந்திருக்காது.

அன்புடன்,
அக்கா

பி.கு.: போட்டிகளுக்காகப் பிள்ளைகளை ஹவுஸ் என்று அணி பிரிக்கும்போது அகர வரிசையில் பிரிக்காதீர்கள். மேரிகளும் மகாலட்சுமிகளும் ஒரே ஹவுஸில் குவிவார்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டின் எண்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சுற்றி வாருங்கள். எல்லா வகுப்பிலும் எல்லா ஹவுஸும் சமமாக விழும். அக்கா தங்கைகளை மட்டும் ஒரே ஹவுஸில் போட்டுவிடுங்கள், வீட்டில் இரண்டு நிற டி-ஷர்ட் வாங்கும் செலவு மிச்சம். 2024இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற பேரில் ஹவுஸ் முறையை ஆரம்பித்து, அவற்றுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணைப் பேரை வைத்தார்கள். ரெட், ப்ளூ, கிரீன், எல்லோவை விட்டு நீங்களும் எப்போது வெளியே வரப்போகிறீர்கள்?