ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகள்: வீட்டாரும் ஆசிரியர்களும் கேட்டவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 10 மீட்டர் தூரத்துக் குறியைக் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் பழகும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பலர் கேட்ட ஒரே விஷயத்தை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு 11 வயசு, 32 கிலோ. கிளப் ரைபிளைத் தூக்கி நின்னா இடுப்பு முன்னாடி தள்ளிக்குது. "பழகப் பழகச் சரியாயிடும்"ங்கறாங்க. விட்டுடலாமா சார்?

விடாதீர்கள். அது பழகினால் சரியாகிற விஷயம் இல்லை, பழகினால் முதுகில் நிலைத்துவிடுகிற விஷயம். போட்டி விதியில் உள்ள 5.5 கிலோ என்பது ரைபிளின் உச்ச வரம்பு. அவ்வளவு எடை இருந்தே ஆகவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நாலரை கிலோ ரைபிள் என்றாலும் உங்கள் பையன் தன் உடம்பில் ஏழில் ஒரு பங்கை ஒரு கையில் ஏந்தி நிற்கிறான்.

நின்று சுடும்போது ரைபிளை எலும்புதான் தாங்க வேண்டும். வலக்கைக்காரருக்கு இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கை குட்டை, முழங்கை இடுப்பை எட்டாது. எட்ட வைப்பதற்காக அவன் இடுப்பை முன்னால் தள்ளி முதுகைப் பின்னால் வளைக்கிறான். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

முதலில் குழலில் மாட்டியிருக்கும் கூடுதல் எடைகளைக் கழற்றச் சொல்லுங்கள். அடுத்து பட் (தோளில் ஊன்றும் பின்பகுதி) நீளத்தைக் குறைக்க வேண்டும். பிறகு முன்கட்டையின் அடியில் ஒரு உயர்த்தும் கட்டை, கன்னக் கட்டையில் சரியான உயரம். தலை நிமிர்ந்தபடி இருக்க, சைட் (குறி பார்க்கும் பகுதி) கண்ணுக்கு வர வேண்டும், கண் சைட்டைத் தேடிக் குனியக் கூடாது. இவ்வளவு செய்தும் இடுப்பு தள்ளினால், முன்கட்டையை ஸ்டாண்டில் தாங்கி வைத்து சில மாதம் சுடட்டும். குறி பார்ப்பதும் டிரிகர் அழுத்துவதும் அப்படியே கற்றுக்கொள்ள முடியும். பத்துப் பத்தாக முப்பது குண்டு, நடுவில் ஓய்வு, ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ரைபிள் ஸ்டாண்டுக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் காலையிலும் இடுப்பு வலித்தால் முப்பது அதிகம் என்று அர்த்தம்.

ஓசூரிலிருந்து ஒரு மாணவி: நான் இடது கை. கிளப்ல இருக்கற எல்லா கிரிப்பும் வலது கைக்குத்தான். மாத்திக்கச் சொல்றாங்க.

முதலில் கண்ணைப் பாரும்மா. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, இரு கண்ணும் திறந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார். ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் உன் முதன்மைக் கண். அதுவும் இடது என்றால் மாற்றிக்கொள்ளச் சொல்வது அநியாயம். கிளப் ஒரு இடக்கை கிரிப் (கைப்பிடி) வாங்கிப் போடட்டும், முழு ரைபிள் வாங்க வேண்டியதில்லை. கை இடது, கண் வலது என்றால் ரைபிளுக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பிஸ்டல் என்றால் பெரும்பாலும் கை சொல்வதைக் கேட்டுவிட்டு, மற்றக் கண்ணுக்கு மறைப்பு வைத்துச் சமாளிக்கலாம். அது 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது.

கோச்சுக்கு ஒரு வார்த்தை: வலக்கை ரைபிள்காரர் வலப்பக்கம் பார்த்து நிற்பார், இடக்கைக்காரர் இடப்பக்கம். தப்பான லேன் (நின்று சுடும் இடம்) கொடுத்தால் இருவரும் போட்டி முழுக்க முகத்தோடு முகம் பார்த்தபடி நிற்பார்கள். உள்ளூர்ப் போட்டியில் இந்தப் பெண்ணுக்கு இடது ஓரத்து லேனைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அரூர் பக்கம் ஒரு உடற்கல்வி ஆசிரியர்: 14 பிள்ளைங்க, ரெண்டே ரைபிள், பேப்பர் டார்கெட். அணித் தேர்வு வெச்சாலே சண்டை. எப்படி நடத்தறது?

சண்டை பெரும்பாலும் ஸ்கோரால் வருவதில்லை. விதி எப்போது எழுதப்பட்டது என்பதால் வருகிறது. ஸ்கோர் வந்தபிறகு "கடைசித் தேர்வைத்தான் கணக்கில் எடுப்போம்" என்று சொன்னால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? எத்தனை தேர்வு, எத்தனை குண்டு, சராசரியா கூட்டலா, சமமானால் என்ன, உடம்பு சரியில்லாமல் வராதவருக்கு என்ன, இத்தனையையும் ஒரு மாதம் முன்பே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஒரே ஒரு நாள் ஸ்கோரை வைத்துப் பிள்ளையைக் கழிக்காதீர்கள், மூன்று தேர்வாவது வையுங்கள்.

இனி கணக்கு. 60 குண்டுப் போட்டிக்குப் பேப்பரில் 90 நிமிடம், எலக்ட்ரானிக்கில் 75. அதற்கு முன் தயாரிப்புக்கும் சைட்டருக்கும் (மதிப்பெண் இல்லாத சோதனைக் குண்டுகள்) 15 நிமிடம். ஆள் மாற இன்னொரு 15. ஆக ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம், இரண்டு ரைபிளுக்கு 7 சுற்று, மொத்தம் 14 மணி நேரம். ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள் கை வைப்பது சைட்டர் நேரத்தில்தான். அங்கே கை வைத்தால், முந்தைய ஆள் வைத்துவிட்டுப் போன சைட்டோடு அடுத்த பிள்ளை மதிப்பெண் குண்டுகளைத் தொடங்க வேண்டிவரும். இரண்டு நாள் ஒதுக்குங்கள், முடியாவிட்டால் எல்லாருக்குமே 40 குண்டாகக் குறையுங்கள்.

ரைபிளைப் பகிரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வேண்டும். பட் நீளம் எத்தனை மி.மீ., கன்னக் கட்டை எந்தக் கோட்டில், பின் சைட் மேலே எத்தனை கிளிக், பக்கவாட்டில் எத்தனை கிளிக். கட்டையிலேயே கலர் டேப் ஒட்டிப் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டால் இன்னும் வேகம்.

நம்மூரில் கவனிக்க வேண்டியது வெயில். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்குத் தடித்த சுடும் ஜாக்கெட் மாட்டிச் சுடுகிறவனும் காலை எட்டு மணிக்குச் சுடுகிறவனும் ஒரே போட்டியில் இல்லை. முதல் தேர்வில் மதியம் நின்றவருக்கு அடுத்ததில் காலைச் சுற்று. லேனைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர், 5 செ.மீ. முன்பின் இருக்கலாம். டார்கெட் மேல் வெளிச்சம் குறைந்தது 1500 லக்ஸ், எல்லா லேனிலும் ஒரே அளவு. கரண்ட் போய் 3 நிமிடத்துக்கு மேல் நின்றால் இழந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் சைட்டரும்.

ரைபிள் டார்கெட்டில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பேப்பரில் அதைக் கண்ணால் பார்த்து "பத்துதான் போல" என்று போடக் கூடாது. ஒரு பேப்பருக்கு ஒரு குண்டு, கேஜ் (ஓட்டையில் செருகிப் பார்க்கும் அளவுகோல்) வைத்து இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அந்த இருவரில் போட்டியிடும் பிள்ளையின் சொந்தக்காரர் இருக்கக் கூடாது.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா: மேட்ச் நடக்கறப்ப பின்னாடியிருந்து ஏதாவது சொல்லலாமா?

வாயால் கூடாதம்மா. பேசாமல் காட்டும் சைகைக்கு அனுமதி உண்டு. பிள்ளைக்குப் பேசியே ஆகவேண்டும் என்றால் குண்டை எடுத்துவிட்டு, குழலில் குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, ரைபிளை வைத்துவிட்டு, ரேஞ்ச் (சுடும் கூடம்) அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பின்னால் வரலாம். அந்த நேரம் அவள் கணக்கில்தான் ஓடும். மீறினால் முதலில் எச்சரிக்கை, அடுத்து 2 புள்ளி போகும். நீங்கள் "மூச்சு விடு கண்ணு" என்று சொன்னதற்கு அவள் ஸ்கோரில் கழிப்பார்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: பழைய ஜாக்கெட் ஒண்ணு கிடைச்சுது, போன வருஷம் சரியா இருந்துச்சு. இப்ப செக்கிங்ல மாட்டுமா?

பிள்ளை வளர்ந்திருந்தால் மாட்டும். ஜாக்கெட் தொளதொளவென்று இருக்க வேண்டும். வழக்கமாகப் பட்டன் போடும் இடத்தைத் தாண்டி 70 மி.மீ.யாவது ஒரு பக்கத்தின் மேல் மறுபக்கத்தை இழுக்க வர வேண்டும். துணியின் தடிமன் ஒற்றையாக 2.5 மி.மீ., இரட்டையாக 5 மி.மீ. தாண்டக் கூடாது. ஊர் விட்டு ஊர் போய்ச் செக்கிங்கில் அழுவதைவிட ஒரு மாதம் முன்பே டேப் வைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளை அளக்கப் பெண் அதிகாரியும் மறைப்பும் கேளுங்கள், அது சலுகை இல்லை.

கிளப்புக்குள் நடக்கும் போட்டியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் இருந்து பாதிப் பேருக்கு இல்லையென்றால் ஒரே பட்டியலில் போடாதீர்கள். எல்லாரும் டீ-சர்ட்டில் சுடட்டும், அல்லது இரண்டு பட்டியல் போடுங்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு அப்பா: பொண்ணுக்குக் கை நடுங்குது. மெடிக்கல்ல ஒரு மாத்திரை சொன்னாங்க, ப்ரோப்ரனலால்னு. போட்டி அன்னிக்கு மட்டும் குடுக்கலாமா?

கூடவே கூடாது. அது பீட்டா பிளாக்கர் வகை. துப்பாக்கிச் சுடுதலில் இந்த வகை மருந்து போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் தடைசெய்யப்பட்டது. மாட்டினால் தடை பிள்ளையின் பெயரில்தான் விழும், மாத்திரை வாங்கித் தந்தவர் பெயரில் இல்லை. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு அது ஆபத்தும்கூட. உண்மையான நோய்க்கு டாக்டர் எழுதியிருந்தால் முன்கூட்டியே மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடுக்கத்துக்கு நான் முதலில் கேட்பது: காலையில் சாப்பிட்டாளா? வெறும் டீயோடு வந்து நிற்கும் பிள்ளைக்குக் கை ஆடத்தான் செய்யும்.

பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா: பொசிஷன் சரிபண்றேன்னு தொட்டுத் தொட்டுச் சொல்லித் தர்றாங்க. பொண்ணு சங்கடப்படறா, கேக்கவும் பயமா இருக்கு.

கேளுங்கள். நிற்கும் நிலையை ஆளுயரக் கண்ணாடி வைத்தும், பக்கவாட்டில் போன் வைத்து எடுத்த வீடியோவிலும் திருத்தலாம். தொட வேண்டியே வந்தால் "முழங்கையைத் தொடுகிறேன், சரியா?" என்று கேட்டு, அவள் சரி என்ற பிறகு, மற்றவர் பார்க்கும்படி, அந்த இடத்தை மட்டும். அவள் வேண்டாம் என்றால் கோச் கோபப்படவோ லேன் நேரத்தைக் குறைக்கவோ கூடாது. தனி வகுப்பு, கதவு சாத்திய அறை, ராத்திரி வாட்ஸ்ஆப் செய்தி எதுவும் வேண்டாம். சென்னை, கோவைப் போட்டிகளுக்குப் போகும்போது இரண்டு பெரியவர்கள், அதில் ஒரு பெண், தங்கும் அறை தனி.

சங்கடத்தைத் தாண்டிய விஷயமாக இருந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். "கிளப் பெயர் கெட்டுவிடும்" என்று அமுக்கப் பார்ப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: எங்க மலைப் பக்கம் துப்பாக்கின்னாலே போலீஸ் கேஸ்தான்னு பயப்படறாங்க. ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேணுமா? பஸ்ல கொண்டு போலாமா?

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. நாட்டுத் துப்பாக்கி வழக்கு வேறு, இது வேறு. ஆனால் பார்க்கிறவருக்கு அது தெரியாது. அதனால் வாங்கிய ரசீது, சங்கத்தின் அடையாள அட்டை, போட்டி அழைப்பு மூன்றையும் பெட்டியிலேயே வையுங்கள். பூட்டிய பெட்டி, பெல்லட் (குண்டு) தனிப் பையில், கொடி குழலில். ரைபிளின் காற்றுச் சிலிண்டரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள், அதன் மேல் பொறித்த தேதி முடிந்திருந்தால் காற்றடிக்கவே கூடாது. 200 பார் அழுத்தத்துக்கான சிலிண்டரில் 300 ஏற்றுவது உயிரோடு விளையாட்டு. தோப்பில் மயில், கொக்கு என்று குறி பார்த்தால் 1972 வனவிலங்குச் சட்டம் வரும், அதோடு பிள்ளையின் விளையாட்டும் முடிந்தது.

பர்கூரிலிருந்து: பெல்லட்டை வாயில கவ்விக்கிட்டு லோடு பண்றான். பரவால்லயா?

கூடாது, அது ஈயம். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் கெடுதல் அதிகம். ரேஞ்சுக்குள் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவணும். டார்கெட் பெட்டியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வைக்காதீர்கள், ஈரத் துணிதான். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு எட்டாம் வகுப்பு மாணவன்: மேட்ச் நடுவுல ரைபிள் நின்னுபோனா என்ன பண்றது அண்ணா?

குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும் தம்பி. திரும்பி அப்பாவைத் தேடாதே. கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடு. ரைபிளைச் சரிசெய்யலாம், அல்லது பரிசோதனையில் தேறிய வேறு ரைபிளுக்கு மாறலாம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலே தகுதிச்சுற்று நடுவில் கோளாறாகி நிறைய நேரம் போனது, மிச்ச நேரத்தில் வேகமாகச் சுட்டும் இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. காற்று தீர்ந்து நின்றால் அது உன் கவனக்குறைவுதான், நேரம் திரும்பக் கிடைக்காது. சிலிண்டர் மீட்டரை லேனுக்குப் போகும் முன் பார்த்துவிடு, நிரப்பிய இன்னொரு சிலிண்டரையும் பெட்டியில் வைத்துக்கொள்.