குழு அமைதியாகிவிட்டால் மூடிவிட வேண்டுமா? கேம் உருவாக்கும் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பத்து வருடங்களுக்கு மேலாக, கேம் உருவாக்குவோர் இணையத்தில் கூடும் இடங்களில் நானும் ஒருத்தியாக இருந்து வருகிறேன். கிளிநொச்சியில் வேலை பார்த்துக்கொண்டே, வன்னிப் பிள்ளைகளுக்கென்று 2017இல் தொடங்கிய எங்கள் சிறிய குழுவையும் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் நெடுங்கேணியில் இருந்து ஒரு தம்பி, "மூன்று கிழமையாக ஒரு செய்திகூட இல்லை, குழுவை மூடிவிடலாமா?" என்று எழுதியிருந்தார். அவருக்கு இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. ஆகவே மனதில் உள்ளதையெல்லாம் கேளுங்கள் என்று எல்லோருக்கும் அறிவித்தேன். ஒன்றுபோல் வந்த கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (மாங்குளம், உயர்தர மாணவர்): அக்கா, ஜாம் நடந்த இரண்டு நாளும் குழுவில் செய்திகளை வாசித்து முடிக்க முடியவில்லை. அடுத்த கிழமை ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டதா?

பதில்: ஆர்வம் போகவில்லை தம்பி, களைத்துப்போயிருக்கிறார்கள். ஒரு தலைப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் ஒரு கேமைச் செய்து முடிக்கச் சொல்வதுதான் ஜாம். இதை இணையத்தில் வழக்கமாக்கியவற்றில் மூத்தது லுடம் டேர். 2002 ஏப்ரலில் ஜெஃப் ஹவ்லண்ட் தொடங்கினார். ஜனவரியை ஒட்டி நடக்கும் குளோபல் கேம் ஜாம் 2009இல் வந்தது. இவ்வளவு ஆண்டுகளாக நடப்பவற்றிலும் இதே ஏற்றமும் இறக்கமும்தான். அரிவு வெட்டி முடிந்த வயலைப் பார்த்து, இனி இங்கே நெல் விளையாது என்று இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர் எவரும் சொல்வதில்லை.

லுடம் டேரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஜாம் முடிந்ததும் சில கிழமைகள் ஒருவர் செய்ததை மற்றவர் விளையாடி மதிப்பிட வேண்டும். மற்றவர்களுக்குக் கருத்துச் சொல்கிறவருடைய கேம்தான் மேலே வந்து பலர் கண்ணில் படும். நாங்களும் அதைப் பார்த்து, ஒவ்வொருவரும் மூன்று கேம்களை விளையாடி, பிடித்த ஒன்றையும் தடக்கிய ஒன்றையும் எழுத வேண்டும் என்று வைத்தோம். அதன் பின் இறக்கம் சட்டென்று வருவதில்லை, படிப்படியாக வருகிறது. போன முறை நீங்கள் எத்தனை பேருக்குக் கருத்து எழுதினீர்கள்?

கேள்வி (வவுனியா, பல்கலைக்கழக மாணவி): உலக அளவில் ஒரு குழு திடீரென்று ஊதிப் பெருக்க என்ன காரணம்?

பதில்: பல சமயங்களில் இன்னோர் இடத்தில் விழுந்த அடிதான் காரணம். என் கண்முன்னே நடந்த பெரிய உதாரணத்தைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 12ஆம் திகதி, கேம் செய்ய நம்மில் பலர் பயன்படுத்திய யூனிட்டி மென்பொருளின் நிறுவனம் ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. ஒரு கேமின் வருமானமும் நிறுவல்களும் (விளையாடுவோர் அதைத் தங்கள் கருவியில் ஏற்றும் தடவைகள்) குறித்த எல்லையைத் தாண்டினால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவலுக்கும் பணம் கட்ட வேண்டும். இலவசப் பதிப்பில் செய்பவர்களுக்கு அந்த எல்லை 12 மாதத்தில் 2 இலட்சம் டொலர் வருமானமும் மொத்தம் 2 இலட்சம் நிறுவல்களும். கட்டணம் நிறுவலுக்கு 20 சதம். நம்மில் எவரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. இருந்தும் எங்கள் குழுவே கொதித்தது. பல வருடம் பழகிய கருவியின் விதி ஒரே இரவில் மாறலாம் என்பதுதான் எல்லோரையும் உலுக்கியது. பத்து நாளில் நிறுவனம் விதியைத் தளர்த்தியது. 2024 செப்டம்பரில் கேம்களுக்கான அந்தக் கட்டணத்தை முழுவதுமாகக் கைவிட்டது. அதற்குள் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

கிளம்பியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் கோடோ. ஆர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி, 2014இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட எஞ்சின் அது, அதாவது யூனிட்டி போலவே கேம் செய்யும் மென்பொருள். 'டெராரியா' கேமைச் செய்த ரீ-லாஜிக் நிறுவனம் அந்த நாட்களில் கோடோவுக்கு ஒரு இலட்சம் டொலர் நன்கொடை கொடுத்தது. அந்தக் கிழமைகளில் கோடோ குழுக்களில் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஒரே முதல் கேள்வியை வேறு வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பழையவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள், பிறகு களைத்தார்கள், சிலர் ஒதுங்கிப் போனார்கள். ஆட்கள் கூடும்போது பதில் சொல்கிறவர்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை. வீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஊரே வந்து, சமையலுக்கு மட்டும் பழைய இரண்டு பேர் நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

வந்தவர்களில் தங்கியது யார் என்று பார்த்தேன். முதல் மாதத்திலேயே சின்னதாக ஒன்றைச் செய்து முடித்தவர்கள் தங்கினார்கள். பழைய கருவியில் செய்த பெரிய கேமை அப்படியே இங்கே கொண்டுவரப் பார்த்தவர்களில் பலரைப் பிறகு காணவில்லை.

இங்கே இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பரந்தனில் ஒரு பிள்ளை, நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் டேட்டாவை நம்பி மூன்று இரவு விழித்திருந்து யூனிட்டியை இறக்கினார். பல கிகாபைட் அல்லவா. கோடோ நூறு மெகாபைட்டுக்கும் குறைவு. பாடசாலை இடைவேளைக்குள் இறக்கி, பென்டிரைவில் போட்டு வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டார். நம் ஊரில் பலர் மாறியதற்கு உரிம விதியைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி (முள்ளியவளை, ஆசிரியை): எங்கள் குழுவின் ஏற்ற இறக்கத்துக்கும் அதே காரணங்கள்தானா?

பதில்: பாதிக்கு மேல் வேறு காரணங்கள் ரீச்சர். எங்கள் பிள்ளைகள் பரீட்சை அட்டவணையோடு வாழ்கிறவர்கள். முன்பு உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் வரும். ஜூன் தொடங்கியதும் குழு அடங்கிவிடும். கொரோனாவுக்குப் பிறகு அது நிலையில்லாமல் போனது. 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. போன வருடம் இந்த மாதத்தில் இவ்வளவு பேர் பேசினார்களே என்று ஒப்பிட்டுப் பார்த்து நானே பல முறை தப்புக் கணக்குப் போட்டேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்டில் மடுத் திருவிழா, காலபோக விதைப்பு, அறுவடை என்று இன்னும் உண்டு. ஊரடங்குக் காலத்தில் நேர்மாறு: கேம் வடிவமைப்பு பற்றிய யூடியூப் சேனல் ஒன்று நடத்தும் ஜிஎம்டிகே ஜாமில் 2020இல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன, நம் குழுவும் அப்போது போல் ஒருபோதும் பேசியதில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. குழுவின் செய்திகள் மின்சாரம் வரும் நேரத்தில் ஒரேயடியாக விழும், பிறகு நிற்கும். பார்த்தால் செத்த குழு. ஆனால் அந்த நாட்களில் தருமபுரத்துத் தங்கச்சி ஒருத்தி சதுரக் கொப்பியில் பென்சிலால் கிளித்தட்டைக் கேமாக வரைந்துகொண்டிருந்தார். குறுக்குக் கோட்டில் நிற்பவர் அந்தக் கோட்டில் இடம் வலமாக மட்டும் நகரலாம். கிளி எனப்படும் தலைவருக்கு மட்டும் நடுக்கோட்டிலும் நெடுக ஓட உரிமை உண்டு. இந்த இரண்டு விதியையும் அம்புக்குறி போட்டு, கட்டம் கட்டமாகப் பதினொரு பக்கம் வரைந்திருந்தார். ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது; கிளியும் கோட்டுக்காரரும் ஒரே நேரத்தில் ஒருவரைத் தொட்டால் யாருக்குக் கணக்கு என்ற இடம் அது. மின்சாரம் வந்ததும் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டார். கணினியில் அதை எழுதி முடிக்க நான்கு மாலை போதுமாக இருந்தது. செய்திகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

கேள்வி (சொந்த ஊர் மல்லாவி, இப்போது ரொறன்ரோ): நான் வாசிப்பேன், ஒன்றும் எழுதமாட்டேன். என்னைப் போன்றவர்களால் குழுவுக்குப் பாரம்தானே?

பதில்: இல்லை அண்ணா. இணையக் குழுக்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். அது தோராயமான கணக்கு, ஆனால் எங்கள் குழுவுக்கும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே இரவு 9 மணிக்குப் பிள்ளைகள் கேமை ஏற்றும்போது கோடைகாலத்தில் உங்களுக்கு முற்பகல் 11.30. அவர்கள் நித்திரையால் எழும்புவதற்குள் ஒருமுறை விளையாடிப் பார்த்து, எங்கே நின்றுபோனது என்று ஒரு வரி எழுதினால், காலையில் அதுதான் அவர்கள் முதலில் பார்ப்பது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கருவியே நின்றுபோனால் குழுவும் முடிந்துவிடுமா?

பதில்: இணைய உலாவியில் கேம்களை ஓடவைத்த ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31இல் அடோபி ஆதரவை நிறுத்தியது. அதை நம்பி வளர்ந்த நியூகிரவுண்ட்ஸ் என்ற கேம் தளம் இன்னும் இருக்கிறது. ரஃபிள் என்ற மென்பொருளால் பழைய கேம்களில் பலவற்றை இன்றும் விளையாடலாம். மைக்ரோசொஃப்ட் எக்ஸ்என்ஏ என்ற தன் கேம் செய்யும் கருவியைக் கைவிட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் அதற்கு மாற்றான மோனோகேமைத் தாங்களே தொடர்ந்து கட்டினார்கள். கருவி போனாலும், மோதலைக் கண்டறிவது எப்படி, பாத்திரம் குதிக்கும்போது எப்போது கீழே இழுக்க வேண்டும் என்ற அறிவு கூடவே வரும். அந்த அறிவு உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முடிந்தால் போதும்.

கேள்வி (செட்டிகுளம்): செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஒருவரும் கேள்வியே கேட்பதில்லையே, அக்கா?

பதில்: உண்மைதான், இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் மாற்றம். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியான பிறகு நிரல் எழுதுவோர் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலேயே புதிய கேள்விகள் பெருமளவு குறைந்துவிட்டன. பிள்ளைகள் வெட்கப்படாமல் கேட்க ஓர் இடம் கிடைத்தது நல்லதுதான். நள்ளிரவில் சந்தேகம் வந்தால் யாரை எழுப்புவது? ஆனால் அங்கே கிடைத்த பதில் கேட்டவரோடு போய்விடுகிறது. அடுத்த வருடம் அதே இடத்தில் தடக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காது.

பதில் பிழையாக வந்தால் சொல்லவும் ஆள் இல்லை. போன தவணை ஒரு தம்பி இரண்டு நாள் போராடினார். அவருக்குக் கிடைத்த நிரலில் கைனமாட்டிக்பாடி2டி என்று இருந்தது. நகரும் பாத்திரத்துக்குக் கோடோ 3இல் இருந்த பெயர் அது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல் அது கேரக்டர்பாடி2டி என்று மாறிவிட்டது. நகர்த்தும் கட்டளைக்கு வேகத்தை அடைப்புக்குள் கொடுப்பதும் இல்லை. குழுவில் கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆகவே என் வேண்டுகோள்: எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள், சரியாக ஓடிய விடையை மட்டும் குழுவில் கொண்டுவந்து போடுங்கள், எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள்.

கேள்வி (துணுக்காய்): முந்தைய பதில்கள் எங்கே? 2018இல் நடந்த உரையாடல்களைத் தேடினால் கிடைக்கவில்லை.

பதில்: அது என் தவறு. 2019இல் எல்லோரும் கேட்டதால் முகநூல் குழுவில் இருந்து டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலிக்கு மாறினோம். பேச்சு சூடு பிடித்தது, எனக்கும் சந்தோஷம். பழையதைப் பிறகு எடுத்து வைக்கலாம் என்று விட்டேன். அதற்கிடையில் அந்த முகநூல் குழுவை நடத்தியவர் கணக்கை மூடிவிட்டார், இரண்டு வருடப் பதில்கள் போய்விட்டன. டிஸ்கோர்ட்டில் பேசுவது தேடுபொறிகளில் வருவதும் இல்லை. உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். இப்போது மாதம் ஒருமுறை நல்ல பதில்களை எடுத்து, தமிழில் ஒரு பொது ஆவணமாகத் தொகுக்கிறேன். உங்களிடம் பழைய படங்கள், நகல்கள் ஏதும் இருந்தால் அனுப்புங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): அப்படியானால் மூடவேண்டாம் என்கிறீர்களா?

பதில்: வேண்டாம் தம்பி. மூன்று கிழமை ஒன்றுமே இல்லை என்றீர்கள். நான் போய்ப் பார்த்தேன், ஒரு செய்தி இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, "என் எழுத்துகள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன" என்று கேட்டிருந்தார். தமிழ் எழுத்துரு சேர்க்காததால் வருவது. நம்மில் இருபது பேருக்காவது தெரியும். ஒன்பது நாளாக ஒருவரும் பதில் எழுதவில்லை. செய்திகள் குறைவதற்கு நான் பயப்படுவதில்லை. முதல் கேள்விக்குப் பதில் வராமல் கிடப்பதற்கே பயப்படுகிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை கேட்காது. பழையவர்கள் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போவார்கள், 2022க்குப் பிறகு எத்தனை பேர் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் இருந்த இடத்தில் நீங்கள் வந்து நிற்கவேண்டிய காலம் இது. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். இன்றே எழுதுங்கள்.

கேள்வி (முறிகண்டி, தரம் 10): என்னிடம் கணினி இல்லை, அம்மாவின் கைத்தொலைபேசி மட்டும்தான். நான் சேரலாமா?

பதில்: சேரலாம் தங்கச்சி. கோடோவுக்கு ஆண்ட்ரொய்டில் ஓடும் பதிப்பு இருக்கிறது, இலவசம். திரை சிறிதாக இருப்பதால் ஆரம்பத்தில் விரல் தடுமாறும், ஆனால் பந்து ஒன்றைத் துள்ள வைக்கும் அளவுக்குத் தாராளமாகப் போதும். அந்தத் தொலைபேசி எந்த மாதிரி, ராம் எவ்வளவு, மாலையில் எத்தனை மணிக்கு அம்மா தருவார் என்று எழுதுங்கள். அந்த நேரத்துக்கு ஒருவர் உங்களோடு இருப்பார்.