மணி பின்சுவர் பக்கம் போகாத மாதம்

அன்புள்ள சார்,
காட்டில் புலி பெருகினால் சிறுத்தை குறையும் என்று படித்தேன். ஒரு புலி எத்தனை சிறுத்தையைத்தான் கொன்றுவிட முடியும்? வங்கியில் வேலை பார்ப்பவன், கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவில் ஓநாய்களை விட்டதில் ஆறே திசைமாறியதாமே? எங்கள் பக்கத்துத் தெருநாய்களுக்கும் அப்படி ஒரு வழி உண்டா?
கார்த்திக், செம்பூர்

அன்புள்ள கார்த்திக்,

ஆற்றை விடுங்கள். வாட்ஸப்பில் எல்லா ஆறும் திசைமாறும். செம்பூர் நாய்கள் நம் குப்பையில் வளர்கின்றன, அதற்கு ஓநாய் எதற்கு?

உங்கள் கடிதம் வந்தபோது மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மும்பை முலுண்டில், தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்பில் நான் இருந்தபோது, தெருவுக்கே தாதா அந்த நாய். பின்சுவர் குப்பைத்தொட்டி அவனுடைய சமஸ்தானம். ஒரு மழைக்கால இரவில் எல்லா நாய்களும் சட்டென்று அடங்கின. வாட்ச்மேன் காகா டார்ச்சை அணைத்துவிட்டு, “பிப்ட்யா” என்றார். மராட்டியில் சிறுத்தை. காலையில் பார்த்தால் ரத்தம் இல்லை, ஒரு நாய்கூடக் குறையவில்லை. சேற்றில் காலடித் தடம் மட்டும்.

ஆனால் ஒரு மாதம் மணி இருட்டியபின் பின்சுவர் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பகலில் அவசரமாகத் தின்றுவிட்டு, இரவெல்லாம் லிஃப்ட் வாசலில் படுத்துக் கிடந்தான். விலா எலும்பு தெரிந்தது. என் மனைவி போட்ட மீன்தலைகளுக்குப் பூனைகள் வந்தன. நாங்கள் அறிந்தவரை சிறுத்தை வந்தது ஒரே இரவு.

செத்ததை மட்டும் எண்ணினால் கணக்கு இடிக்காமல் என்ன செய்யும்? படித்தவர் இப்படிக் கேட்கலாமா? பயந்து இடத்தை விட்டது, நேரத்தை மாற்றியது, பட்டினி கிடந்தது எல்லாம் எந்தப் பேரேட்டில் வரும்? நீங்கள் சொன்ன அமெரிக்காவில், எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995-இல் ஓநாய்களை விட்ட சில வருடங்களில், பூங்காவின் வடபகுதியில் கயோட்டி என்ற நரிச்சாதி ஏறக்குறையப் பாதியானது. சிலவற்றை ஓநாய்கள் கொன்றன, சில விலகிப்போயின. உத்தராகண்டின் ராஜாஜி பூங்காவில், சில்லா பகுதியில் புலி பெருகியதும் சிறுத்தைகள் வெகுவாகக் குறைந்தன. மிச்சமிருந்தவை ஊர் மாடுகளையும் சின்ன விலங்குகளையும் அதிகம் தின்னத் தொடங்கின. அங்கே சிறுத்தைதான் மணி. கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் இருக்கின்றனவே என்பீர்கள். அங்கே இரை ஏராளம், சரியா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். மணி அப்புறம் பின்சுவருக்குத் திரும்பினான். ஆனால் நான் பார்த்தவரை, தின்னும்போது சுவருக்கு முதுகைக் காட்டி நின்றதே இல்லை.