நியாய விலைக் கடைத் தரவும் தன்னார்வ நிரலாளர்களும்: கேள்வி பதில்

பொது விநியோகத் திட்டத் தரவுகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்ற முறையில், எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): நிரல் எழுதத் தெரிந்த நண்பர்கள் ஐந்து பேர் இருக்கிறோம். உணவுப் பாதுகாப்புக்காக ஒரு செயலி உருவாக்கலாமா, ஐயா?

செயலியை ஒத்திவையுங்கள் அம்மா. முதலில் தரவைச் சேமியுங்கள். தமிழ்நாட்டில் 34,000-க்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகள் உள்ளன. அவற்றின் பொருள் இருப்பை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் ஒரு நாளின் இருப்பைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. ஒரு கடைக்குத் துவரம் பருப்பு மாதந்தோறும் 20-ஆம் தேதிக்குப் பிறகே வருகிறது என்பதை, ஆறு மாத இருப்பை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் அறிய முடியும். அதே கிடங்கிலிருந்து பொருள் பெறும் மற்றக் கடைகளிலும் அதே தாமதம் தென்பட்டால், குறை பெரும்பாலும் விற்பனையாளரிடம் இல்லை, கிடங்கிலிருந்து நடக்கும் நகர்வில்தான் இருக்கிறது என்று கருதலாம். தன் கைக்கு வந்தே சேராத பொருளுக்காக விற்பனையாளர் வசை வாங்குவது எனக்கு எப்போதும் வருத்தமளிக்கும்.

கேள்வி: இந்த விவரங்களைக் கேட்க நமக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பொது விநியோக ஆவணங்களைப் பொதுவெளியில் வைத்து, மக்கள் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்கிறது. இணையதளத்தில் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

கேள்வி (நிரலாளர், கோவை): ஒரே ஊரின் பெயர் கோப்புக்குக் கோப்பு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. என்ன செய்வது?

இந்த வேலையில் பெரும்பகுதி நேரத்தை விழுங்குவது இதுதான். போதாக்குறைக்கு, நம் மாநிலத்தில் எத்தனையோ புதூர்கள் இருக்கின்றன. பெயரை நம்பாமல் கடைக் குறியீட்டையும், ஒன்றிய அரசின் உள்ளாட்சிப் பெயரடைவில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் தரப்பட்டுள்ள எண்ணையும் கொண்டு இணையுங்கள்.

கேள்வி: குடும்ப அட்டைதாரர் பட்டியலையும் வெளியிடலாமா?

கூடாது. கடையின் இருப்பு ஊருக்குத் தெரிய வேண்டியது. ஒரு குடும்பம் எத்தனை கிலோ அரிசி வாங்கியது என்பது அப்படியன்று. 27-ஆம் பிரிவைக் காட்டிப் பெயரையும் அட்டை எண்ணையும் திரட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கடை அளவிலான கூட்டுத்தொகையே நம் பணிக்குப் போதும்.

கேள்வி (விவசாயத் தொழிலாளர், திருவாரூர்): ஐயா, எங்கள் தெருவில் பலரிடம் இணைய வசதியுள்ள கைபேசி இல்லை. இதனால் எங்களுக்கு என்ன பயன்?

இந்தக் கேள்வியைத்தான் நிரலாளர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். சத்தீசுகரில் கிடங்கிலிருந்து லாரி கிளம்பியதும், பதிவு செய்துகொண்ட மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை கொண்டுவரப்பட்டது; அதற்குச் சாதாரணக் கைபேசியே போதும். அது பலன் தந்ததற்கு அடித்தளமும் இருந்தது: அம்மாநிலம் 2004-லேயே தனியார் நடத்திய கடைகளை ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் மாற்றியிருந்தது. ஆகவே, ஐயா, உங்கள் ஊர்க் கடைக்கு ஆறு மாதமாகப் பொருள் வந்த விவரத்தை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரும்படி இந்த இளைஞர்களிடம் கேளுங்கள். அதைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதியச் செய்து, அதன் நகல் ஒன்றை வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.